தையல் மிஷினை வீட்டுக்குள் கொண்டுவந்த நாடகக்காரர்

பழைய தையல் மிஷினில் முதன் முதலாகத் தைக்க உட்காருகிறவர்களுக்கு ஒரு தொல்லை தவறாமல் வரும். ஊசியில் நூல் கோத்தாயிற்று, பாபினும் போட்டாயிற்று, மிதித்தால் சக்கரமும் ஓடுகிறது. ஆனால் துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுவதும் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. லேசாக இழுத்தால் தையல் முழுவதும் கையோடு வந்துவிடுகிறது. மிஷின் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அன்றோடு அதை மூடி வைத்துவிடுவார்கள். தையல் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால், மேலே உள்ள இரண்டு சிறு தட்டுகளுக்கு நடுவே நூலைச் சரியாகக் கொடுத்து, அதன் திருகை அரைச் சுற்று முறுக்குவார். அவ்வளவுதான், தையல் ஒழுங்காகிவிடும்.

1850-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு பட்டறையில், ஏறக்குறைய இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு ஒருவர் நள்ளிரவு வரை தவித்தார். அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் யாரும் இல்லை. ஏனென்றால் அந்த மிஷினை அப்போதுதான் அவரே செய்து முடித்திருந்தார். அவர் பெயர் ஐசக் மெரிட் சிங்கர்.

நம் நாட்டில் தையல் மிஷினுக்கு மறுபெயர் போலவே வழங்கிய 'சிங்கர்' என்பது இவருடைய குடும்பப் பெயர். பின்னாளில் இந்தியக் கடைகளில் விற்ற 'மெரிட்' மிஷினின் பெயரும் இவருடையதே, அது நடுப்பெயர்.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

சிங்கர் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். பிள்ளைகள் எட்டுப் பேர், ஐசக் கடைக்குட்டி. அவருக்குப் பத்து வயதாகும்போது தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய சிறுவன், அண்ணன் ஒருவரிடம் அண்டியிருந்து கிடைத்த கூலி வேலைகளைச் செய்தான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. 19-ஆவது வயதில் ஒரு இயந்திரப் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார்.

கை வேலையில் இருந்தாலும் மனம் நாடக மேடையில் இருந்தது. நல்ல உயரம், கணீரென்ற குரல். பட்டறையை விட்டுவிட்டு நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். பணம் தீர்ந்தால் மீண்டும் இயந்திர வேலை. கையில் பணம் சேர்ந்தால் மீண்டும் நாடகம். 1839-இல் பாறையில் துளை போடும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதை வைத்து ஒரு நல்ல பட்டறை போட்டிருக்கலாம். அவர் சொந்தமாக நாடகக் கம்பெனி ஆரம்பித்தார்! சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் கையில் காசில்லாமல் நின்றார்.

அடுத்து, மரத்திலும் உலோகத்திலும் எழுத்துச் செதுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். நியூயார்க் பட்டறையில் கொதிகலம் வெடித்து அந்த இயந்திரம் நாசமாயிற்று. ஜார்ஜ் ஸீபர் என்ற புத்தக வியாபாரி கைகொடுத்தார். இருவரும் பாஸ்டனுக்குப் போய், ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் இடம் பிடித்தார்கள். எழுத்துச் செதுக்கும் இயந்திரத்தை வாங்க ஆள் வரவில்லை. ஆனால் அந்தப் பட்டறையில் வேறு ஒன்று கிடந்தது. அடிக்கடி பழுதாகித் திரும்பி வரும் தையல் மிஷின்கள்!

பதினொரு நாள்

தையல் மிஷின் சிங்கர் கண்டுபிடித்தது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரான்சில் பார்த்தலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830-இலேயே ஒன்றைச் செய்து, ராணுவ உடுப்புத் தைக்கப் பல மிஷின்களை ஓடவிட்டார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாக வந்து அவற்றை நொறுக்கிவிட்டார்கள். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1830-களில் ஊசியின் நுனியிலேயே காது வைத்து, இரண்டு நூல்களைக் கொண்டு தைக்கும் மிஷினைச் செய்தார். ஊசியால் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வாயில் மண் விழுமே என்று அவருடைய மகள் தயங்கியதால், அவர் அதற்குக் காப்புரிமை வாங்காமலே விட்டுவிட்டாராம். சேப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் இந்த ஹன்ட்தான்.

ஃபெல்ப்ஸின் பட்டறைக்கு வந்த மிஷின்களில் நூலை எடுத்துச் செல்லும் ஷட்டில் வட்டமாகச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நூலின் முறுக்கு அவிழ்ந்து நூல் அறுந்தது. சிங்கர் ஒரு பார்வை பார்த்தார். ஷட்டில் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போக வேண்டும். ஊசி வளைந்திருக்காமல் நேராக இருந்து மேலும் கீழும் இறங்க வேண்டும். துணி தட்டையான மேஜைமீது கிடக்க வேண்டும். அதை ஒரு பாதம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வரைந்து காட்டினார். தையல் மிஷின் செய்யச் சொன்னபோது, பெண்களை வாய் பேசாமல் இருக்க வைக்கும் ஒரே வேலையையும் பறிப்பதா என்று அவர் கேலி செய்தார் என்றும் சொல்வதுண்டு. கேலி எப்படியானாலும், ஸீபர் 40 டாலர் எடுத்து வைத்ததும் வேலை தொடங்கிவிட்டது.

பதினொரு நாள், இரவு பகலாக வேலை. கடைசி நாள் இரவு மிஷினைப் பூட்டி ஓட்டினால், தையல் விழவில்லை. நூல் வளையம் வளையமாகத் துணியின்மேல் தளர்ந்து நின்றது. உடன் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நள்ளிரவில் சிங்கரும் ஸீபரும் தங்கும் இடத்துக்குத் திரும்பும் வழியில், களைப்பால் ஒரு பலகைக் குவியல்மேல் உட்கார்ந்தார்கள். துணிமேல் நின்ற நூல் வளையங்களைப் பற்றி ஸீபர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். சிங்கருக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஊசி நூலை இழுத்துப் பிடிக்கும் 'டென்ஷனை' அவர் சரி செய்யவே இல்லை! இருவரும் திரும்பி ஓடினார்கள். டென்ஷனைச் சரி செய்து ஓட்டியதும் ஐந்து தையல் சுத்தமாக விழுந்தது. பிறகு நூல் அறுந்தது. ஐந்து போதுமானதாக இருந்தது. 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி காப்புரிமை கிடைத்தது.

இன்று பழகுகிறவர்கள் டென்ஷனில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. மிஷின் தையல் என்பது இரண்டு நூல்களின் பூட்டு. காது உள்ள நுனி துணியைத் துளைத்துக் கீழே போகிறது. ஊசி கொஞ்சம் மேலே ஏறும்போது நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் முனை அந்த வளையத்துக்குள் புகுந்து அடிநூலை மாட்டிவிடுகிறது. பிறகு மேலே உள்ள கை நூலை இழுத்து இறுக்குகிறது. இரண்டு நூலும் சமமாக இழுபட்டால் பூட்டு துணியின் நடுவில் விழும். மேல்நூல் தளர்ந்தால் பூட்டு கீழே இறங்கிச் சுருள் சுருளாகத் தொங்கும். கீழே கோளாறு தெரிந்தால் மேலே பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் பாபினையே கழற்றிக் கழற்றிப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்; கோளாறு மேலே இருக்கும்.

எலியாஸ் ஹோவின் கதை

மிஷின் விற்பனைக்கு வந்ததும் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவர் எலியாஸ் ஹோவ். ஊசி நுனியில் காதும் அடியில் ஷட்டிலும் வைத்துத் தைக்கும் முறைக்கு 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதியே அவர் காப்புரிமை வாங்கியிருந்தார். நூல் பூட்டும் முறை தம்முடையது; பணம் கொடுக்க வேண்டும் என்றார். சிங்கர் அவரைப் படிக்கட்டில் உருட்டிவிடுவதாக மிரட்டி அனுப்பினார்.

ஹோவின் வாழ்க்கை கண்ணீர்க் கதை. பாஸ்டனில் வாரம் 9 டாலர் சம்பளத்தில் மூன்று குழந்தைகளோடு திண்டாடிய தொழிலாளி அவர். உடல்நலம் இல்லாமல் படுத்திருக்கும்போது, மனைவி எலிசபெத் பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவதை இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கை அசைவைப் பார்த்துப் பார்த்துத்தான் மிஷின் பற்றிய எண்ணம் வளர்ந்தது என்பார்கள். 1845-இல் அவருடைய மிஷின் தேர்ந்த தையற்காரப் பெண்கள் ஐந்து பேரோடு போட்டியிட்டு வென்றது. நிமிடத்துக்கு 250 தையல். ஆனால் வாங்க ஒருவரும் வரவில்லை. இங்கிலாந்துக்குப் போய் அங்கும் ஏமாந்து, மிஷினை அடகு வைத்துத் திரும்பினார். ஊருக்கு வந்தபோது மனைவி காசநோயில் இறந்துகொண்டிருந்தார். இறுதிச் சடங்குக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லாமல் இரவல் வாங்கினார், உடுப்புத் தைக்கும் மிஷினைக் கண்டுபிடித்தவர்!

இங்கே ஒரு செய்தி. இயந்திரங்களைக் கண்டித்துப் பேசிய காந்திஜி, தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-இல் டில்லியில் தம்மைக் கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரனிடம் இதை விளக்கினார். பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் இவர்தான். மனைவி ஊசியும் கையுமாகப் படும் பாட்டைப் பொறுக்காமல், அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் இந்த மிஷினைச் செய்தார் என்பது காந்திஜி சொன்ன காரணம். அந்தக் காரணம் உண்மையில் பொருந்துவது ஹோவுக்கு. சிங்கர் மனைவிக்காக எதையும் செய்தவர் அல்ல. காந்திஜி சொன்ன அன்பு வரலாற்றில் இருக்கிறது; பெயர்தான் மாறிவிட்டது.

1854-இல் வழக்கு ஹோவ் பக்கம் முடிந்தது. சிங்கர் 15,000 டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார். ஆனால் அதற்குள் வேறு சில கம்பெனிகளும் ஆளுக்கொரு காப்புரிமையை வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடர்ந்திருந்தனர். ஒருவர் உரிமை இல்லாமல் மற்றவர் நல்ல மிஷின் செய்ய முடியாது. ஹோவின் மிஷினில் துணியை முட்களில் மாட்டித் தொங்கவிட்டு, சில அங்குலம் நேராகத் தைத்ததும் கழற்றி மாட்ட வேண்டும். வளைத்துத் தைக்க வேண்டுமானால் சிங்கரின் மேஜையும் பாதமும் வேண்டும். இன்று ஊசிக்கு அடியில் மேலெழுந்து துணியைத் தள்ளிவிட்டு இறங்கும் பற்கள் ஆலன் வில்சன் என்பவரின் யோசனை. 1856-இல் எல்லாரும் கூடி உரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விற்கும் மிஷின் ஒவ்வொன்றுக்கும் 5 டாலர் வீதம் ஹோவுக்குக் கிடைத்தது. அவர் பெரும் பணக்காரராகி 1867-இல், 48-ஆவது வயதில் இறந்தார். எலிசபெத் அதைப் பார்க்க இல்லை.

பெண்களால் முடியுமா?

மிஷின் இருந்தது, வழக்கும் தீர்ந்தது. வாங்குவது யார்? முதலில் விலை 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 500 டாலர். அதோடு, இயந்திரம் ஓட்டுவது பெண்களால் ஆகாது, நரம்புத் தளர்ச்சி வந்துவிடும் என்றெல்லாம் அன்று படித்தவர்களே பேசினார்கள்.

இங்கேதான் சிங்கரின் பழைய நாடக அனுபவம் உதவியது. பொருட்காட்சிகளுக்கும் திருவிழாக்களுக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். தையற்காரப் பெண்களின் துயரத்தைச் சொல்லும் தாமஸ் ஹூட்டின் சட்டைப் பாட்டை மேடையேறி உருக்கமாக ஒப்பிப்பார்; உடனே மிஷினை ஓட்டிக் காட்டுவார். நியூயார்க்கில் பிராட்வே வீதியில் அலங்காரமான காட்சிக்கூடம் திறந்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி இளம் பெண்களை மிஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொன்னார். அந்தப் பெண்களே வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவளால் முடிந்தால் என்னால் முடியாதா என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள்.

பங்காளியான வழக்கறிஞர் எட்வர்டு கிளார்க் மற்றொரு வழி கண்டார். 1856-இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். முன்பணம் 5 டாலர் கொடுத்தால் மிஷின் வீட்டுக்கு வந்துவிடும். மீதியை மாதா மாதம் கட்டலாம். 1853-இல் 810 மிஷின் விற்ற கம்பெனி 1856-இல் 2,564 விற்றது. மிஷினை வீட்டில் இறக்கி வைக்கும் ஏஜெண்டு, அதை ஓட்டவும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். தைக்கத் தெரியாதவள் தவணை கட்டமாட்டாள் என்பது கம்பெனிக்குத் தெரியும்!

அவர்கள் சொல்லிக் கொடுத்த வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. முதல் நாள் நூலே வேண்டாம். சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி அசையாது. வெறும் மிதியை மட்டும் ஓட்டிப் பழகலாம். சக்கரத்தின் மேற்பகுதி தைப்பவரை நோக்கி வர வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் நூல் சிக்கி அறும். மிதியை உதைத்துத் தொடங்கக் கூடாது. கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டு, கால் அதைத் தொடர்ந்து போக வேண்டும். கால் பழகியபின் கோடு போட்ட காகிதத்தில் வெறும் ஊசியால் கோட்டின்மேல் துளை போட்டுப் பார்க்கலாம். நூல் கோக்கும்போது பாதம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூல் உள்ளே அமரும். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து காதில் நூலை நுழைக்க வேண்டும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தைக்கும்போது துணியை இழுக்கவே கூடாது, பற்கள் தள்ளிக்கொள்ளும். கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தகட்டில் இடித்து ஒடியும்.

பலன் என்ன? ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம் ஆகிறது, மிஷினில் 1 மணி 16 நிமிடம் போதும் என்று போட்டிக் கம்பெனி ஒன்று 1860-களில் கணக்குக் காட்டியது. வீட்டுக்குத் தைத்த பெண்களுக்கு அது மிச்சமான நேரம். கூலிக்குத் தைத்தவர்கள் கதை வேறு. ஒரு சட்டைக்குக் கூலி குறைந்தது. மிஷின் தவணையும் அவர்கள் தலையில் விழுந்தது. ஹன்ட்டின் மகள் அஞ்சியது முழுவதும் பொய்யாகிவிடவில்லை.

பணமும் பழியும்

தொழிலில் உயர்ந்த சிங்கர், உடனிருந்தவர்களை நடத்திய விதம் நன்றாக இல்லை. ஃபெல்ப்ஸை முதலில் வெளியேற்றினார். 40 டாலர் கொடுத்துத் தூக்கிவிட்ட ஸீபர் நோயில் படுத்தபோது, பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் கைவிட்டதாகச் சொல்லி, அவருடைய பங்கை 6,000 டாலருக்கு எழுதி வாங்கினார். ஸீபர் பிழைத்துக்கொண்டார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

குடும்ப வாழ்க்கை அதைவிட மோசம். 1830-இல் காதரின் என்ற பெண்ணை மணந்தார். அவரைப் பிரிந்து, மேரி ஆன் என்பவருடன் பல ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தார். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. வறுமை நாள்களில் நாடகத்தில் கூட நடித்து, மிஷின் காலத்திலும் தோள் கொடுத்தவர் மேரி ஆன். 1860-இல் நியூயார்க்கின் பெரிய வீதியில் சிங்கர் வேறொரு பெண்ணோடு வண்டியில் போவதை அவர் பார்த்துவிட்டார். அன்று வீட்டில் சிங்கர் அவரை அடித்ததால் போலீஸ் வரை போயிற்று, ஊர் சிரித்தது. சிங்கர் வெளிநாட்டுக்கு ஓடினார். ஐந்து பெண்களிடம் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் 24 பேர் என்பது வாழ்க்கை வரலாறு எழுதியவர்களின் கணக்கு. பெண்களிடம் மிஷின் விற்கும் கம்பெனிக்கு இப்படிப்பட்ட முதலாளி இருந்தால் என்ன ஆகும் என்று கிளார்க் தவித்ததில் வியப்பில்லை. 1863-இல் கூட்டு கலைக்கப்பட்டு, சிங்கர் மானுபாக்சரிங் கம்பெனி பதிவாயிற்று. ஆளுக்கு 40 சதவீதப் பங்கு. சிங்கர் நிர்வாகத்திலிருந்து விலகினார்.

அதே ஆண்டில் இசபெல்லா என்ற பெண்ணை மணந்தார். பிறகு பாரிசில் குடியேறினார். 1870-இல் போர் வந்ததும் இங்கிலாந்துக்குப் போய், பெயின்டன் என்ற கடலோர ஊரில் பெரிய மாளிகை கட்டத் தொடங்கினார். கட்டி முடியும் முன்பே, 1875-ஆம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி இறந்தார். விட்டுச்சென்ற சொத்து 1 கோடியே 30 லட்சம் டாலர். மனைவி நானே என்று மேரி ஆன் கொண்டாடிய உரிமை செல்லவில்லை. விவாகரத்து வழக்கில் தாய் காதரினுக்காகப் பேசிய மூத்த மகன் வில்லியமுக்கு உயிலில் எழுதியிருந்தது 500 டாலர்!

இந்தியாவில்

1870-களிலேயே சிங்கர் மிஷின் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பம்பாயைச் சேர்ந்த பார்சிக்காரரான நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் கம்பெனியின் இந்தியப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்து, நாடு முழுவதும் விற்பனையைப் பரப்பினார். இங்கே முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழில்முறைத் தையற்காரர்கள். கடைத் திண்ணையில் மிஷின் வந்த பிறகுதான் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. 1930-களில் கல்கத்தாவின் ஜே என்ஜினீயரிங் தொழிற்சாலையில் 'உஷா' பிறந்தது. அந்தக் கறுப்பு மிஷினிலும் நேர் ஊசி, தட்டை மேஜை, அழுத்தும் பாதம் எல்லாம் அப்படியே இருந்தன.

பாட்டி காலத்துச் சிங்கர் மிஷின் வீட்டில் இருந்தால், அடித்தகட்டின் வலது ஓரத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பதைக் காணலாம். எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பதை அந்த எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலான மிஷின்களுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியே போதும். படகு போன்ற நீண்ட ஷட்டில் உள்ள மிகப் பழைய மிஷின்கள் சிலவற்றுக்கு ஊசி வேறு. அவற்றில் உள்ள பழைய ஊசியைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்க வேண்டும்.